ஒருவர் கனவு, பலர் கை

தேர் நகர வேண்டுமானால் ஊர் கூட வேண்டும் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. ஆனால் தேர் இழுப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. வடம் பிடிக்கும் அத்தனை பேரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். பக்கத்தில் நிற்பவர் மெய்யாகவே இழுக்கிறாரா, வடத்தைத் தொட்டுக் கொண்டு சும்மா நடக்கிறாரா என்பதைக் கடைக்கண்ணால் பார்த்தே தெரிந்து கொண்டு விடலாம். கலைத் துறையில் பலர் கூடிச் செய்யும் காரியம் அப்படிப்பட்டதன்று. ஒருவர் எழுதுகிறார், ஒருவர் வரைகிறார், ஒருவர் நடிக்கிறார், ஒருவர் வாத்தியம் வாசிக்கிறார். ஒருவர் வேலை மற்றவருக்குத் தெரியாது. தெரியாத வேலையை மேற்பார்வை செய்வது எங்ஙனம்? நம்பித்தான் ஆக வேண்டும். நம்புவதோ எளிதன்று.

உபாத்தியாயர்களாகிய நமக்கு இந்தக் கஷ்டம் ஆண்டுதோறும் பள்ளிக்கூட நாடகத்தின்போது கண்ணெதிரே வருகிறது. நாடகத்தை எழுதியவர் ஒருவர் இருப்பார். அவரே திரைச்சீலைக்கு வர்ணம் பூசுவார். அவரே ஹார்மோனியத்தில் கை வைப்பார். நாடக தினத்தன்று பக்கப் படுதாவுக்குப் பின்னால் நின்று எல்லாப் பாத்திரங்களின் வசனத்தையும் தாமே உரத்துச் சொல்லிக் கொண்டிருப்பார். சபையோர் ஒவ்வொரு வசனத்தையும் இருமுறை கேட்கும் பாக்கியம் பெறுவார்கள். அவரைக் குறை சொல்வதற்கில்லை. காரியம் கெட்டு விடுமோ என்ற அச்சம்தான் அவரை அவ்வாறு செய்யத் தூண்டுகிறது. ஆனால் பையன்கள் என்ன கற்றுக் கொள்கிறார்கள்? தங்களை ஒருவரும் நம்பவில்லை என்பதை மட்டுமே கற்றுக் கொள்கிறார்கள்.

இந்த நம்பிக்கை என்னும் வித்தையை எங்கே பயிலலாம் என்று யோசிக்கும்போது, நம் தேசத்திலேயே நடந்த ஒரு வரலாறு நினைவுக்கு வருகிறது. வங்காளத்தில் சத்தியஜித் ராய் என்பவர் ‘பதேர் பாஞ்சாலி’ என்னும் திரைப்படத்தை எடுத்த வரலாறு அது. படம் 1955-ஆம் வருஷம் வெளியாயிற்று. 1956-இல் பிரான்ஸ் தேசத்துக் கான் நகரில் நடந்த திரைப்பட விழாவில், மனித வாழ்க்கையைக் காட்டும் சிறந்த சாசனம் என்று அதற்குப் பரிசு வழங்கினார்கள். படத்தின் கீர்த்தியைப் பற்றி எழுதியவர்கள் பலர். அதை எடுத்தவர்கள் ஒருவரையொருவர் எவ்வாறு நம்பினார்கள் என்பதே நாம் இங்கே பார்க்க விரும்புவது.

கத்துக்குட்டிகளின் சேனை

ராய் அப்போது கல்கத்தாவில் ஒரு பிரிட்டிஷ் விளம்பரக் கம்பெனியில் சித்திரம் வரையும் உத்தியோகத்தில் இருந்தார். விபூதிபூஷண் பந்தோபாத்தியாய எழுதிய ‘பதேர் பாஞ்சாலி’ நாவல் 1929-இல் புத்தகமாக வந்தது. அதன் சுருக்கப் பதிப்பு ஒன்றுக்கு 1944-இல் ராய் படம் வரைந்தார். கிராமத்து ஏழைக் குடும்பம் ஒன்றின் கதை அது. அப்பு என்னும் சிறுவன், துர்க்கை என்னும் அவன் தமக்கை, தாய், தந்தை, அண்டி வாழும் ஒரு கிழவி: இவ்வளவுதான் பாத்திரங்கள். படம் வரைந்த நாள் முதல் அதைச் சினிமாவாக எடுக்க வேண்டும் என்ற ஆசை அவர் மனத்தில் வேரூன்றிற்று. ஆனால் அதற்கு முன் ஒரு படமும் அவர் டைரக்ட் செய்ததில்லை.

அவர் காமிராவை ஒப்படைத்தது சுப்ரத மித்ரா என்ற இளைஞரிடம். வயது 22. அசையும் படம் பிடிக்கும் காமிராவை அதற்கு முன் அவர் இயக்கியதே இல்லை. பிரெஞ்சு டைரக்டர் ழான் ரெனுவார் வங்காளத்தில் ‘நதி’ என்னும் படத்தை எடுத்தபோது, ஓரமாக நின்று வேடிக்கை பார்க்க அனுமதி பெற்று, விளக்குகள் எங்கே வைக்கப்பட்டன, ஒளி எப்படி விழுந்தது என்பதையெல்லாம் நோட்டுப் புத்தகத்தில் எழுதியும் வரைந்தும் வைத்துக் கொண்டவர். அவ்வளவே அவருடைய யோக்கியதாம்சம். காட்சி அமைப்புக்குப் பொறுப்பேற்றவர் காஷ்மீரத்தில் வளர்ந்த பன்ஸி சந்திரகுப்தா. அவருக்கு ஸ்டூடியோ அனுபவம் உண்டு. ரெனுவாரின் படத்திலும் உதவியாக வேலை செய்திருந்தார். படத் தொகுப்பாளர் துலால் தத்தாவும் தொழில் தெரிந்தவர். நடிகர்களில் சிலர் பழகியவர்கள். சிலர் காமிராவின் முகத்தையே பாராதவர்கள்.

இப்படிப்பட்ட கூட்டத்தை நம்பிப் பணம் போட யார் வருவார்கள்? ஒருவரும் வரவில்லை. மெய்யான மழையிலே படம் பிடிக்க முடியாது, பழகாதவர்களை நடிக்க வைக்க முடியாது என்று தொழில் அறிந்தவர்கள் தலையை ஆட்டினார்கள்.

வாசகர்கள் இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். ராய் மித்ராவை நம்பினார் என்று சொல்கிறோம். மித்ரா ராயை நம்பினார் என்பதைச் சொல்ல மறந்து விடுகிறோம். பணம் எப்போது வரும் என்பது யாருக்கும் தெரியாத நிலையில், ஒரு படமும் எடுத்தறியாத மனிதர் ஒருவரின் பின்னால் இத்தனை பேர் போனார்களே, அவர்கள் வைத்த நம்பிக்கை சாமானியமானதா? கூட்டு வேலையில் தலைவர் தம் சகாக்களை நம்பலாமா என்று ஆராய்ந்து கொண்டிருக்கும்போதே, அவர்கள் தலைவரை நம்பி வேலையைத் தொடங்கியிருப்பார்கள். முதற் கடன் பெரும்பாலும் கீழேயிருந்து மேலே கொடுக்கப்படுவது.

நாணல் பூவும் மாடுகளும்

1952-ஆம் வருஷம் அக்டோபர் 27-ஆம் தேதி முதற் படப்பிடிப்பு நடந்தது. அப்புவும் துர்க்கையும் வெண்மையான காசப் பூக்கள் அடர்ந்த வெளியிலே ஓடி, முதன் முதலாக ரயிலைப் பார்க்கும் காட்சி. காசம் என்பது சரத்காலத்தில் பூக்கும் ஒரு வகை நாணல். மற்ற நாட்களில் ராய்க்கு ஆபீஸ் இருந்தபடியால் விடுமுறை நாட்களில்தான் வேலை. மறு வாரம் போய்ப் பார்த்தால் பூக்களைக் காணோம். மாடுகள் புகுந்து மேய்ந்து விட்டன! அந்தக் காட்சியை முடிக்க அடுத்த பூக்காலம் வரையில் காத்திருக்க வேண்டியதாயிற்று.

அப்புவாக நடித்த சுபீர் பானர்ஜி சிறு பிள்ளை. தமக்கையைத் தேடிக் கொண்டு அவன் தயங்கித் தயங்கி நடக்க வேண்டும். “தயக்கத்துடன் நட” என்று சொன்னால் குழந்தைக்கு என்ன விளங்கும்? ராய் அவனுக்கு விளக்கம் சொல்வதை விட்டார். அவன் நடக்கும் வழியில் தடைகளை இட்டு வைத்தார். உதவியாளர்களைப் பக்கங்களில் மறைந்திருந்து அவ்வப்போது கூப்பிடச் சொன்னார். பையன் தடைகளைத் தாண்டினான். கூப்பிட்ட திசைகளில் திரும்பிப் பார்த்தான். தயக்கமும் தேடலும் தாமாகவே வந்து விட்டன. வகுப்பிலே முப்பது முறை ஒரு விதியை விளக்கியும் பயன் காணாத உபாத்தியாயர்கள் இதைச் சற்றுச் சிந்திக்கலாம். ஒருவரை நம்புவது என்றால் அவரை நடுக்காட்டில் விட்டு விடுவது என்று பொருளன்று. அவரால் இயல்பாகச் செய்யக் கூடியது எதுவோ அதற்கு ஏற்ற இடத்தை உண்டாக்கிக் கொடுப்பதும் நம்பிக்கையைச் சேர்ந்ததே.

குழந்தைக்கு ஒரு வழி என்றால், கிழவிக்கு வேறு வழி. இந்திர் டாக்ருண் என்னும் கிழவியாக நடித்த சுனிபாலா தேவிக்கு வயது 80-ஐ எட்டியிருந்தது. முற்காலத்தில் நடிகையாயிருந்து நெடுங்காலம் ஓய்ந்திருந்தவர். அவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதே இல்லை. மறந்து போனதை அவரே மற்றவர்களுக்கு ஞாபகப்படுத்துவார். சென்ற காட்சியில் தம் வலக் கை நனைந்திருந்ததா, மூட்டை எந்தக் கையில் இருந்தது என்பதெல்லாம் அவருக்கு நினைவிருந்தது. கிழவியின் பிரேதத்தைப் பாடையில் கொண்டு போகும் காட்சியை எடுத்தார்கள். காட்சி முடிந்து பாடையை இறக்கினார்கள். கிழவி அசையவில்லை. எல்லோருக்கும் நெஞ்சு அடைத்துக் கொண்டது. சிறிது நேரம் கழித்து அவர் கண்ணைத் திறந்து, காட்சி முடிந்ததை ஏன் ஒருவரும் சொல்லவில்லை, தாம் இன்னும் செத்துக் கிடக்கிறோமே என்று குறைப்பட்டுக் கொண்டாராம்! தம் பங்கை இவ்வளவு சிரத்தையாகச் செய்பவரை மேற்பார்வை செய்ய என்ன இருக்கிறது?

இரண்டரை வருஷத் தவம்

வேலை தொடர்ந்து நடக்கவில்லை. ராய் தம் இன்ஷ்யூரன்ஸ் பாலிஸியை அடகு வைத்தார். ஆசையாகச் சேர்த்த இசைத் தட்டுக்களை விற்றார். அவருடைய மனைவி பிஜோயாவின் நகைகளும் அடகுக்குப் போயின. பணம் வரும்போது படம். பணம் தீர்ந்தால் காத்திருத்தல். நடுவில் மாதக் கணக்கில் ஒன்றும் நடக்காமலே கிடந்தது. கடைசியில் மேற்கு வங்காள முதன் மந்திரி டாக்டர் பிதான் சந்திர ராயின் அரசாங்கம் பண உதவி செய்ய முன் வந்தது. படத்தின் பெயருக்குப் பாதையின் பாட்டு என்பது பொருள். அதனால்தானோ என்னவோ, சர்க்கார் கணக்கிலே அந்தச் செலவு சாலை அபிவிருத்தி என்ற தலைப்பில் ஏறிற்று!

இத்தனை காலத்தில் மூன்று அற்புதங்கள் நிகழ்ந்தன என்று ராய் பிற்காலத்தில் சொல்வது வழக்கம். அப்புவின் குரல் உடையவில்லை; துர்க்கை வளர்ந்து பெரியவளாகவில்லை; கிழவி சாகவில்லை. அற்புதம் மூன்று அல்ல, நான்கு என்று நமக்குத் தோன்றுகிறது. அந்தக் கூட்டம் கலையாமல் இருந்ததே, அதுதான் நான்காவது. வேலை நின்று கிடந்த மாதங்களில் ஒவ்வொருவரும் தம் தம் வழியைப் பார்த்துக் கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. காரணம் என்ன?

இதற்கு நாம் காணும் விடை ஒன்று உண்டு. ராயிடம் முறையாக எழுதிய திரைக்கதை இல்லை. ஆனால் காட்சி காட்சியாகத் தம் கையால் தீட்டிய சித்திரங்கள் நிறைந்த புத்தகம் ஒன்று இருந்தது. எங்கே போகப் போகிறோம் என்பதை அதைப் புரட்டிய எவரும் கண்ணால் காண முடிந்தது. எங்கே போவது என்பது தெளிவாக இருந்தபடியால், எப்படிப் போவது என்பதை அந்தந்த வேலைக்காரரிடம் விட முடிந்தது. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நோக்கத்தைத் தம் மனத்துக்குள்ளேயே பூட்டி வைத்துக் கொண்டு, கை கால் அசைவுகளுக்கு மட்டும் நொடிக்கு நொடி உத்தரவு போடுகிறார்கள். பிறகு, தம் மனத்தைப் புரிந்து கொள்ள ஆளில்லையே என்று வருந்துகிறார்கள்.

ஓர் இரவு சங்கீதம்

சங்கீதத்துக்குப் பண்டிட் ரவிசங்கர் இசைந்தார். ஆனால் அவரோ ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போய்க் கொண்டிருந்தவர். படத்தில் ஏறத்தாழப் பாதியை மட்டுமே அவரால் பார்க்க முடிந்தது. ஒரே இரவில், சுமார் 11 மணி நேரம், விடியற்காலை 4 மணி வரையில் உட்கார்ந்து சங்கீதத்தைப் பதிவு செய்தார்கள். பெரிய வித்துவான் ஒருவரைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக் கொண்டு ஒவ்வொரு வினாடிக்கும் கணக்குக் கேட்க அவகாசமே இல்லை. அவர் வாசித்தார், மற்றவர்கள் கேட்டார்கள். சில இடங்களுக்கு இசை போதாமல் போயிற்று. மிட்டாய்க்காரன் பின்னால் குழந்தைகளும் நாயும் வரிசையாகப் போகும் காட்சிக்குச் சிதார் வாசித்தவர் யார் தெரியுமா? காமிராக்கார மித்ராதான்! அவருக்குச் சிதார் பயிற்சி உண்டு. கூட்டாளி ஒருவரை அவர் தொழிலால் மட்டும் அளந்தால் இப்படிப்பட்ட புதையல்கள் வெளிப்படா.

இன்னொரு சந்தர்ப்பம் நம் மனத்தை உருக்குவது. துர்க்கை இறந்த பிறகு, ஒன்றும் அறியாத தந்தை ஊரிலிருந்து திரும்புகிறார். வாங்கி வந்த சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார். மகளுக்கு வாங்கிய புடவையைக் காட்டியதும் தாய் வாய் விட்டுக் கதறி விடுகிறாள். தாயாக நடித்த கருணா பானர்ஜி மெய்யாகவே கதறினார். ஆனால் திரையில் அந்தக் குரல் கேட்பதில்லை. அந்த இடத்தில் தார் ஷெனாய் என்னும் வில்வாத்தியத்தின் ஓலம் எழுகிறது. வாசித்தவர் தக்ஷிணா மோகன் டாகூர். ஒரு நடிகையின் உச்ச கட்டக் குரலை எடுத்து விட்டு, அதன் இடத்தில் ஒரு வாத்தியத்தை வைப்பது எளிய முடிவன்று. ஆயினும் படம் பார்த்தவர்கள் நெஞ்சில் நிற்பது நடிகையின் முகமும் வாத்தியத்தின் குரலும் ஒன்றாகக் கலந்த துயரமே. கூட்டு வேலையில் நம் பங்கு சில சமயம் இப்படி மற்றொருவர் பங்குக்குள் மறைந்து போகும். மறைந்ததெல்லாம் வீணாவதில்லை.

1955-ஆம் வருஷம் மே மாதம் 3-ஆம் தேதி நியூயார்க் நகரத்து நவீனக் கலைக் காட்சிசாலையில் படத்தைக் காட்டுவதாக ஏற்பாடாகியிருந்தது. ராயும் துலால் தத்தாவும் இராத் தூக்கத்தை மறந்து தொகுப்பு வேலையை முடித்தார்கள். வசன மொழிபெயர்ப்பைப் படத்தின் அடியில் பொறிக்கவும் நேரமில்லை, அப்படியே அனுப்பினார்கள். கல்கத்தாவில் ஆகஸ்டு 26-ஆம் தேதி வெளியாயிற்று.

தகராறு தந்த வெளிச்சம்

நம்பிக்கை என்றால் எப்போதும் ஒருவர் சொல்லுக்கு மற்றவர் தலையாட்டுவது என்று நினைப்பவர்கள் அடுத்த படத்தின் கதையைக் கேட்க வேண்டும். 1956-இல் வந்த ‘அபராஜிதோ’வில், காசியில் அப்புவின் குடும்பம் வசிக்கும் வீடு வருகிறது. நடுவே முற்றம், நாற்புறமும் சுவர், மேலேயிருந்து நிழலில்லாமல் பரவும் ஆகாய வெளிச்சம். இந்த முற்றத்தைத் திறந்த வெளியில் அமைப்பதாகத்தான் முதலில் எண்ணியிருந்தார்கள். மழைக்கு அஞ்சி சந்திரகுப்தா அதைக் கல்கத்தா ஸ்டூடியோவுக்குள் கட்டினார். ஸ்டூடியோ விளக்குகளால் அந்த ஆகாய வெளிச்சத்தைக் கொண்டு வரவே முடியாது என்று மித்ரா வாதாடினார். ராயும் சந்திரகுப்தாவும் ஒப்பவில்லை. மித்ரா தோற்றார்.

தோற்றவர் கோபித்துக் கொண்டு ஒதுங்கவில்லை. முற்றத்துக்கு மேலே வெண்துணியை ஆகாயம் போல விரித்துக் கட்டினார். விளக்குகளை நடிகர்கள்மீது நேரே விழச் செய்யாமல், கீழிருந்து அந்தத் துணியின்மேல் பாய்ச்சினார். துணியில் பட்டுத் திரும்பிய ஒளி மிருதுவாக, நிழலின்றி முற்றமெங்கும் பரவிற்று. படம் பார்த்தவர்கள் அது ஸ்டூடியோ என்பதை உணரவே இல்லை. திருப்பி விடப்பட்ட ஒளியைக் கையாளும் இந்த முறை மித்ராவின் முக்கியமான சாதனமாயிற்று; ஒளிப்பதிவு உலகம் அவர் பெயரை இன்றும் அதனுடன் சேர்த்தே சொல்கிறது. படம் 1957-இல் வெனிஸ் நகர விழாவின் தலைசிறந்த பரிசாகிய தங்கச் சிங்கத்தைப் பெற்றது.

இதில் நம்பிக்கை எங்கே இருக்கிறது? மித்ரா தம் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொன்னார். அது ஒரு நம்பிக்கை. மறுத்தவர்கள் வேலையை அவர் கையிலிருந்து பிடுங்கவில்லை. அது மற்றொரு நம்பிக்கை. முடியாது என்று சொன்னவரிடமே, அவரால் முடியும் என்று வேலையை விட்டு வைத்தார்கள். ஒளிவு மறைவற்ற தகராறும், தகராறுக்குப் பின் குறையாத சிரத்தையும் சேர்ந்த இடத்தில்தான் புதிய வழி பிறக்கிறது.

பிற்கால மாறுதல்

கதையை இங்கே முடித்து விட்டால் அழகாக இருக்கும். ஆனால் உண்மை முழுவதும் சொன்னதாகாது. காலம் சென்றது. ராய்க்குத் தம் தொழில் நுட்பமாகக் கைவந்தது. ரவிசங்கருக்குப் பின் விலாயத் கானும் அலி அக்பர் கானும் அவர் படங்களுக்கு இசையமைத்தார்கள். 1961-இல் வந்த ‘தீன் கன்யா’ முதல் ராய் தாமே சங்கீதம் அமைக்கலானார். சங்கீதத்தைப் பற்றித் தமக்கே தெளிவான எண்ணங்கள் தோன்றி விட்டபடியால், பெரிய வித்துவான்களை அவற்றின்படி நடத்துவது இரு சாராருக்கும் சங்கடமாயிற்று. 1964-இல் வந்த ‘சாருலதா’ காலம் முதல் காமிராவையும் தாமே இயக்கத் தொடங்கினார். 1966-இல் வந்த ‘நாயக்’ படத்துக்குப் பிறகு மித்ரா அவருடன் வேலை செய்யவில்லை.

இதனால் ராயின் கலை குன்றிப் போயிற்று என்று நாம் சொல்ல மாட்டோம். ‘சாருலதா’வைத் தம் படங்களில் குறை மிகக் குறைந்தது என்று அவரே கருதினார், அதன் இசை அவருடையதே. ஆகவே, பலர் சேர்ந்தால்தான் உயர்ந்த கலை பிறக்கும் என்று ஒரு பொது விதி செய்வதற்கில்லை. ஆனால் ஒன்று சொல்லலாம். ஒருவர் பார்வை எவ்வளவுக்குக் கூர்மையாகிறதோ அவ்வளவுக்கு மற்றவர்கள் நிற்கும் இடம் குறுகுகிறது. ஒன்றும் தெரியாத காலத்தில் நம்புவது ஒரு வகையில் எளிது, வேறு வழியில்லை. எல்லாம் தெரிந்த பின்னும் மற்றவருக்கு இடம் விடுவதே கடினம். ‘பதேர் பாஞ்சாலி’ முதல் கடைசிப் படம் வரையில் படத் தொகுப்பில் கூட இருந்தவர் துலால் தத்தா. அத்தகைய நீண்ட துணை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

நம்பிக்கை என்பது ஒரு முறை சம்பாதித்துப் பெட்டியில் பூட்டி வைக்கும் ஆஸ்தி அன்று. ஒவ்வொரு புது வேலையிலும் அதைப் புதிதாகக் கொடுக்க வேண்டும். புதிதாகப் பெற வேண்டும். கோவில் திருப்பணியானாலும், கையெழுத்துப் பத்திரிகையானாலும், குழந்தைகளின் நாடகமானாலும் முறை ஒன்றே. வேண்டுவது இன்னதென்று முதலில் தெளிவாகக் காட்டுங்கள். செய்யும் விதத்தைச் செய்கிறவரிடம் விடுங்கள். செய்து முடித்ததைச் சேர்ந்து உட்கார்ந்து பார்த்து, மனத்தில் பட்டதை மறைக்காமல் பேசுங்கள். பேசிய பிறகும் வேலையை அவர் கையிலேயே வைத்திருங்கள். நான்காவது படிதான் ஏறுவதற்குக் கடினமானது. நம்முடைய கூட்டு முயற்சிகளில் பெரும்பாலானவை மூன்றாவது படியிலேயே நின்று போகின்றன.